குளிர்காலத்தில் மாணவரை வாட்டர் பார்க்குக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே, சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களே,

தமிழ்நாட்டில் பள்ளிச் சுற்றுலாவும் குளிர்காலமும் சேர்ந்தே வருகின்றன. கோடையில் பள்ளி இல்லை, ஜூன் முதல் பாடம் நெருக்குகிறது, மார்ச்சில் பொதுத்தேர்வு. அரையாண்டுத் தேர்வை ஒட்டிய நாட்களும், பொங்கல் முடிந்து பிப்ரவரி நடு வரையிலான வாரங்களும்தான் உங்கள் கைக்கு எஞ்சுகின்றன. பரவையில் உள்ள அதிசயம், முட்டுக்காட்டு எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள வொண்டர்லா என்று பள்ளிப் பேருந்துகள் வரிசை கட்டுவது இந்தக் காலத்தில்தான். இந்தப் பூங்காக்களின் நீர் விளையாட்டுகள் பெரும்பாலும் திறந்தவெளியில், வெயிலைத் தணிப்பதற்காக அமைந்தவை. அவற்றுக்குள் நீங்கள் குழந்தைகளை அழைத்துச் செல்வதோ ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில். இந்தப் பொருத்தமின்மையை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. பள்ளி நாட்காட்டி உண்டாக்கியது. அதன் விளைவைச் சமாளிக்கும் பொறுப்பு மட்டும் உங்கள் தோளில் விழுகிறது.

முதலில் நீரின் நிலையைப் பாருங்கள். திறந்தவெளிக் குளத்து நீர் அன்றைய உச்ச வெயிலைப் பின்பற்றுவதில்லை. பகலும் இரவும் சேர்ந்த சராசரியை ஒட்டியே நிற்கும். சென்னையிலோ கோவையிலோ ஜனவரிப் பகலில் வெப்பம் 29, 30 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், இரவில் 20 டிகிரிக்கு அருகே இறங்கிவிடுகிறது. மேகமில்லாத இரவில் குளம் வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்கிறது. மேற்பரப்பு நீர் ஆவியாகி மேலும் குளிர்கிறது. ஆகவே விடியற்காலைக்குப் பிறகான முதல் சில மணி நேரம்தான் குளம் மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம். சூரியன் ஏறிய பிறகும் நீர் மெதுவாகவே சூடேறும். டிசம்பர் 21ஆம் தேதி நடுப்பகலில்கூடச் சென்னையில் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்துக்குத்தான் வருகிறது. மூன்று மணிக்குமேல் சறுக்குக் கோபுரங்களின் நிழலே குளத்தின் மீது நீண்டு விழத் தொடங்குகிறது. "இன்று நல்ல வெயில்தானே" என்று காற்றை வைத்து நீங்கள் எடுக்கும் முடிவு நீருக்குப் பொருந்தாது.

அடுத்தது உடல். அசையாமல் நீரில் இருக்கும் மனித உடல் வெப்பத்தை இழக்காமல் இருக்க வேண்டுமானால் நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். போட்டி நீச்சல் குளங்களின் நீரை 25 முதல் 28 டிகிரிக்குள் வைப்பதற்குக் காரணம், அங்கே நீந்துபவர் இடைவிடாமல் உழைத்து வெப்பத்தை உண்டாக்குகிறார் என்பதே. நீச்சல் தெரியாத குழந்தை வேவ் பூலில் இடுப்பளவு நீரில் நின்று அலைக்காகக் காத்திருக்கிறது. அதன் உடலில் அந்த உழைப்பு இல்லை. நீர் காற்றைவிட இருபது மடங்குக்குமேல் வெப்பத்தைக் கடத்தும். எனவே 25 டிகிரிக் காற்றில் இதமாக இருக்கும் உடல், 25 டிகிரி நீரில் தொடர்ந்து வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். நம் ஊர் நீர் ஒரே நொடியில் மூச்சை நிறுத்தும் அளவுக்குக் குளிர்ந்ததன்று. இங்குள்ள ஆபத்து மெதுவாக, மகிழ்ச்சிக் கூச்சலுக்கு நடுவே வருவது. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

நீரை விட்டு வெளியே வந்ததும் குளிர் விலகிவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது அதற்கு மாறானது. உயரமான சறுக்கின் இரும்புப் படிக்கட்டைக் கவனித்துப் பாருங்கள். நான்கு மாடி உயரத்தில், மறைப்பில்லாத இடத்தில், இருபது முப்பது பிள்ளைகள் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, தோளைக் காதுவரை உயர்த்தி, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துத் தேய்க்கிறார்கள். சறுக்குவதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். வரிசையில் நிற்பது கால் மணி நேரம். குளிர் அவர்களைப் பிடிப்பது அந்த வரிசையில்தான். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே ஈர உடலும் குளிர்கிறது: ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தை அடியிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதன் அளவைக் கணக்கிட்டே பார்க்கலாம். தோலின் வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 240 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 30 கிலோ எடையுள்ள ஐந்தாம் வகுப்பு மாணவனின் உடல் ஒரு டிகிரி குளிர ஏறத்தாழ 105 கிலோ ஜூல் இழந்தால் போதும். அரை டம்ளர் நீர் ஆவியாவதற்கான வெப்பம் முழுதும் அந்த உடலிலிருந்தே போனால், அதைச் சரிக்கட்டும் ஏற்பாடு எதுவும் இல்லாத பட்சத்தில், உடல் இரண்டு டிகிரிக்குமேல் குளிர்ந்துவிடும். ஒரு பங்கு வெப்பத்தைக் காற்றும் வெயிலும் தருகின்றன. உடலும் நடுங்கி நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆனால் காற்று வீசும்போது, நிழலில், ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட உடையோடு நிற்கும்போது அந்த ஈடு போதாமல் போகிறது. வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும் ஜனவரியில் நீர் இன்னும் வேகமாக ஆவியாகும்.

உங்கள் உடலின் அனுபவத்தை வைத்துக் குழந்தையின் குளிரை அளக்க முடியாது. எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் சிறுவரின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். 30 கிலோ குழந்தைக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் தோல் பரப்பு, 70 கிலோ ஆசிரியருக்குக் கிடைப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வெப்பம் வெளியேறும் வாசல் பெரிது. உள்ளே இருக்கும் சேமிப்பு சிறிது. மெலிந்த பிள்ளைகளுக்குத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும் குறைவு. குளத்தங்கரையில் உலர்ந்த உடையோடு நிற்கும் உங்களுக்கு இதமாகத் தெரியும் அதே மதியம், அந்த மெலிந்த மாணவிக்குத் தாங்க முடியாத மதியமாக இருக்கக்கூடும்.

உடல் குளிர்வதன் அடையாளங்கள் படிப்படியாக வரும். முதலில் மயிர்க்கூச்சு, நடுக்கம், பல் கிட்டுதல், உதடும் நகமும் நீலம் பூத்தல். பிறகு கைவிரல்கள் சொன்னபடி கேட்காது. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. சறுக்கின் பிடியை இறுகப் பற்ற முடியாது. கால் மரத்துவிடுவதால் ஈரப் படியில் வழுக்கி விழுவது எளிதாகிறது. கை கால் தசைகள் இறுகுவதால், கொஞ்சம் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் நீரில் தாக்குப்பிடிக்கும் வலு குறைகிறது. அதற்கும் பிறகு குழந்தை அடங்கிப்போகும்: பேச்சு குழறும், கேட்டால் பதில் தாமதமாக வரும், ஓரமாக உட்கார்ந்துவிடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. நடுங்கிக்கொண்டிருந்த குழந்தை சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், குளிர் விட்டுவிட்டது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். உடல் தோற்கத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நடுக்கம் மட்டும் உள்ள பிள்ளையை நீரிலிருந்து எடுத்து, ஈர உடையைக் களைந்து, தலையையும் உடலையும் துவட்டி, உலர்ந்த உடை போட்டு, போர்த்தி, இனிப்பான சூடான பால் கொடுத்தால் போதும். கை கால்களைப் பலமாகத் தேய்ப்பதும், கொதிக்கும் வெந்நீரை ஊற்றுவதும் வேண்டாம்.

இவ்வளவையும் மோசமாக்குவது சுற்றுலாவின் வழக்கமான நேரப் பட்டியல். விடியற்காலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து. தூக்கம் கெட்ட பிள்ளைகள், வளைந்து நெளியும் சாலை, ஜன்னலோரத்தில் வாந்தி, பாதி சாப்பிட்ட இட்லிப் பொட்டலம். பத்து மணிக்குப் பூங்கா வாசல். கதவு திறந்ததும் பிள்ளைகள் நேராக ஓடுவது தண்ணீருக்கு. அதாவது உடலில் எரிபொருள் மிகக் குறைவாகவும் நீர் மிகக் குளிர்ந்தும் இருக்கும் நேரத்தில் அவர்கள் இறங்குகிறார்கள். மதியம் ஈர உடையோடு வரிசையில் நின்று சாப்பாடு, மறுபடி நீர், சூரியன் சாய்ந்த பிறகும் ரெயின் டான்ஸ். இருட்டும்போது அரைகுறையாகத் துவட்டிய தலையோடு பேருந்தில் ஏறி, ஜன்னல் காற்றில் நான்கைந்து மணி நேரப் பயணம். இந்தப் பட்டியலைப் பல பள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு அப்படியே எடுத்து எழுதுகின்றன. அதில் ஒரு வரியையாவது மாற்ற வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்பதில்லை. பெற்றோர் கேட்பது கட்டணத்தை; நிர்வாகம் கேட்பது எண்ணிக்கையை; பயண ஏற்பாட்டாளர் கேட்பது முன்பணத்தை.

முன்பணத்தைப் பற்றிப் பேசுவதால் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் இறுதிவரை நீள்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் முதல் பாதியில் திறந்தவெளி நீர் விளையாட்டுக்குத் தேதி குறிப்பது, மழையோடு பந்தயம் கட்டுவது. கட்டிய பணம் திரும்பாது என்ற அச்சத்தால், கருமேகம் சூழ்ந்த நாளிலும் பேருந்துகள் புறப்பட்டுவிடுகின்றன. இடி கேட்டால் குளத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை மறுபடி இறங்கவும் கூடாது. அந்த முப்பது நிமிடத்தை உயரமான இரும்புக் கோபுரத்தின் அடியிலோ மரத்தடியிலோ கழிக்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோதான் கழிக்க வேண்டும். பலத்த மழைக்குப் பின் குளத்து நீரில் குளோரின் நீர்த்துப்போயிருக்கும், சேறும் கலந்திருக்கலாம். குளத்தின் அடித்தரையும் நீர் வெளியேறும் துளையின் மூடியும் கரையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால், அந்தக் குளத்தில் மாணவரை இறக்காதீர்கள். நீர் சுத்தமா என்ற கேள்வியைவிட, மூழ்கிய குழந்தை கண்ணுக்குத் தெரியுமா என்ற கேள்வி அங்கே முந்தியது.

இடமும் கணக்கில் வர வேண்டும். ஊட்டியையும் மேட்டுப்பாளையத்தையும் ஒரே பயணத்தில் இணைப்பது பள்ளிகளின் பழைய வழக்கம். 2,200 மீட்டருக்குமேல் உயரமுள்ள ஊட்டியில் ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அங்கே இரவு தங்கி, சரியாகத் தூங்காமல், மலை இறங்கி வந்த கையோடு பிள்ளைகள் நீர்ப்பூங்காவுக்குள் விடப்படுகிறார்கள். வரிசையை மாற்றி, மலையேறும் முன் முதல் நாள் மதியத்தில் பூங்காவை முடித்துவிட்டால் அதே செலவில் அதே இரண்டு இடங்களையும் பார்க்கலாம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஜனவரி விடியலில் அங்கே 16 டிகிரிக்கு அருகே இருக்கும். மதுரைக்கும் சென்னைக்கும் போட்ட திட்டத்தை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

நீரின் தூய்மையிலும் குளிருக்குப் பங்கு உண்டு. குளிர்ந்த நீரில் இறங்கினால் சிறுநீர் அதிகமாகச் சுரக்கும். இது உடலின் இயல்பு. கழிப்பறைக்கு அனுப்பாமல் இரண்டு மணி நேரம் குளத்தில் விட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறுநீரும் வியர்வையும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் குளோரமைன்தான் கண்ணை எரிக்கிறது, மூக்கைத் துளைக்கிறது. அந்தக் கடும் வாடையை, மருந்து நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாகக் கொள்ள வேண்டாம்; அழுக்கு சேர்ந்துவிட்டது என்பதற்கே அது அடையாளம். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கரையேற்றிக் கழிப்பறைக்கு அனுப்பிக் குடிநீர் கொடுத்தால் உடலுக்கும் நல்லது, குளத்துக்கும் நல்லது. குளிர்ந்த நாளில் தாகம் தெரியாது என்பதால் குழந்தைகள் தாமாகத் தண்ணீர் கேட்க மாட்டார்கள்.

பெற்றோர் உங்களிடம் எழுப்பும் முதல் கேள்வி சளி பற்றியது. சளிக்குக் காரணம் வைரஸ். நனைவதால் மட்டும் வைரஸ் உண்டாவதில்லை. மூடிய ஜன்னல்களோடு ஐம்பது பேர் நெருங்கி உட்காரும் பேருந்தும், ஒரே துண்டை நான்கு பேர் பகிர்வதும்தான் அதைப் பரப்புகின்றன. ஆனால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்குக் குளிர்ந்த காற்றும் குளோரமைன் வாடையும் உண்மையாகவே மூச்சிரைப்பைத் தூண்டும்; அக்குழந்தையின் இன்ஹேலர் பேருந்தில் உள்ள பைக்குள் கிடக்காமல், குளத்தங்கரையில் நிற்கும் ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ள குழந்தையை, அதை மட்டும் கவனிக்கும் ஒரு பெரியவர் இல்லாமல் நீரில் விடக் கூடாது. இந்த விவரங்களை ஒப்புதல் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள். பூங்காவின் உயிர்காப்பாளருக்கு உங்கள் மாணவரின் உடல்நிலை தெரிய வழியில்லை.

இறங்க விரும்பாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாதவிடாய் நாளில் வந்த மாணவி, ஒட்டும் உடையில் பிறர் முன் நிற்கக் கூசும் மாணவி, நீரைக் கண்டு பயப்படும் சிறுவன், குளிர் தாங்காத சிறுமி. "இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா உட்காரலாமா" என்று பாசத்தோடு சொல்வதுகூட அவர்களுக்குக் கட்டளையாகவே கேட்கும். காரணம் கேட்காமல் ஒதுங்க விடுங்கள். அவர்களுக்கான உலர் விளையாட்டுகளையும், உடன் இருக்க ஓர் ஆசிரியையையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால், ஒதுங்குவது அவர்களுக்குத் தண்டனையாக மாறாது.

கண்காணிப்பு கடைசியாகச் சொல்லப்பட்டாலும் எல்லாவற்றுக்கும் மேலானது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எழாது. மாலைச் சூரியன் தாழ்ந்து நீரின் மேல் பளபளக்கும்போது கரையிலிருந்து பார்ப்பவரின் கண் கூசுகிறது. நூற்றுக்கணக்கானோர் துள்ளும் வேவ் பூலில், ஒரே நிறத் தொப்பியோ பட்டையோ இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் யார் என்பதே தெரியாது. பைகளைக் காக்க நான்கு ஆசிரியரும் குளத்தைக் காக்க ஒருவரும் என்ற நிலையை மாற்றுங்கள். பைகளுக்குப் பூட்டறைகள் இருக்கின்றன. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, ஒவ்வொருவரும் தம் பத்துப் பேரின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

கொடுத்த காசுக்கு மாலைவரை நீரில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மாற்றங்களுக்குக் குறுக்கே நிற்கும். நடுங்கிக்கொண்டு கழிக்கும் மூன்றாவது மணி நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் மகிழ்ச்சி கூடுவதில்லை. வெயில் உச்சியில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேர விளையாட்டு, சூடான சாப்பாடு, உலர்ந்த உடையில் ராட்டினங்கள், வெளிச்சம் இருக்கும்போதே புறப்பாடு: இந்த நாளில் அனுபவம் எதுவும் குறைவதில்லை.

ஆகவே உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. அடுத்த சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும்போது டிசம்பர் முதல் பாதியைத் தவிர்த்து, மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் ஜனவரிக் கடைசியையோ பிப்ரவரித் தொடக்கத்தையோ தேர்ந்தெடுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் கட்டணம் இழக்காமல் வேறு நாளுக்கு மாற்றலாம் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பூங்காவுக்குள் நுழைந்ததும் உலர் விளையாட்டுகளில் தொடங்கி, பதினொன்றரை மணிக்குப் பிறகே நீரில் இறக்கி, மூன்று மணிக்கு எல்லோரையும் கரையேற்றுங்கள். நடுவில் இடைவெளி விட்டு, ஈரம் துவட்டி, சூடான உணவு கொடுங்கள். உயரமான சறுக்குகளுக்கு நீண்ட வரிசை இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரிய துண்டு, முழுக்கை மேலுடை, மாற்று உள்ளாடை ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்புதல் கடிதத்திலேயே எழுதுங்கள். கொண்டுவர இயலாத பிள்ளைகளுக்காகப் பள்ளியே பத்துத் துண்டுகளும் பத்துப் போர்வைகளும் பேருந்தில் வைத்திருக்கட்டும். பேருந்து கிளம்பும் முன் ஒவ்வொரு தலையும் உலர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள். இந்த நேரப் பட்டியலை அச்சிட்டுப் பெற்றோருக்கு முன்கூட்டியே அனுப்பி, எழுதியபடியே நடத்திக் காட்டுங்கள்.